இங்க் பேனா ஸ்பெஷல்: தினமும் எழுத, கையைக் கடிக்காத விலையில எது வாங்கலாம்?

போன இதழ்ல கையெழுத்து மோசமாயிட்டே போகுதுன்னு கேட்ட ஒரு வாசகருக்கு, கொஞ்ச நாள் இங்க் பேனாவுல எழுதிப் பாருங்கன்னு பதில் சொல்லியிருந்தோம். அதுக்கப்புறம் கடலூர், பாண்டி பக்கத்துல இருந்து வந்த கேள்வி முக்கால்வாசி பேனா பத்தித்தான். அதனால இந்த தடவை வேற எதையும் எடுத்துக்கல.

நான் கடலூர்ல ஒரு ஆபீஸ்ல கிளார்க். தினமும் நாலஞ்சு பக்கம் கையால எழுதற வேலை இருக்கு. 300 ரூபாய்க்குள்ள ஒரு இங்க் பேனா வாங்கலாம்னு லாரன்ஸ் ரோடு முழுக்க கடை கடையா பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கு. எதை வச்சு நல்லதுன்னு கண்டுபிடிக்கறது? (வாசகர், மஞ்சக்குப்பம்)

பளபளப்பை பார்க்காதீங்க சார், எழுதறது அது இல்ல. பேனாவோட மொத்த வேலையும் நிப்பும் அதுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கற கறுப்பு கட்டையும்தான். நிப்புல நடுவுல ஒரு மெல்லிசான கீறல் இருக்கு பாருங்க, மை தானா அது வழியா நுனிக்கு இறங்கும், இறங்கின அளவுக்கு காத்து கட்டையில இருக்கற காடி வழியா உள்ள போகும். இந்த கொடுக்கல் வாங்கல் சரியா நடந்தா 60 ரூபாய் பேனாவும் அருமையா எழுதும், நடக்கலைன்னா 6000 ரூபாய் பேனாவும் மக்கர் பண்ணும். அதனால பிராண்டை கேக்கறதுக்கு முன்னாடி கையில வர்ற அந்த ஒரு பேனாவை சோதிங்க, ஏன்னா விலை கம்மியான பேனாவுல ஒரே மாடல்ல ஒரே பெட்டியில இருந்து எடுத்த ரெண்டு பேனா ரெண்டு விதமா எழுதும்.

கடைக்கு போகும்போது நீங்க ஆபீஸ்ல எழுதற அதே பேப்பர்ல ரெண்டு தாள் எடுத்துட்டு போங்க. கடைக்காரர் குடுக்கற வழவழ அட்டையில எந்த பேனாவும் நல்லாத்தான் ஓடும். முதல்ல நிப்போட நுனியை உங்க முகத்துக்கு நேரா பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க, கீறலுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற குட்டி உருண்டை ஒரே மட்டத்துல இருக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு இருந்தா எழுதும்போது ஒரு பக்கம் போகையில கீறும், அதை அங்கேயே வச்சுட்டு அடுத்ததை எடுங்க. அப்புறம் மை பாட்டில் கேட்டு நிப்பை முக்கி எழுதுங்க. முக்கி எழுத விடாத கடையில பேனா வாங்க வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

என்ன எழுதறது? எல்லாரும் கையெழுத்து போட்டு பார்ப்பாங்க, அது வேஸ்ட், கையெழுத்து நாம வேகமா அழுத்தி போடற கிறுக்கல். நீங்க தமிழ்ல எழுதறவர், அதனால தமிழ் எழுத்தை வச்சே சோதிங்க. நம்ம எழுத்துல நேர்கோட்டை விட வளைவு அதிகம், நிப்பு கீழ வர்ற மாதிரியே மேலயும் போகணும், வலதுக்கு போற மாதிரியே இடதுக்கும் சுத்தணும். ண, ஞ, ஐ, ளை இந்த நாலையும் நீங்க வழக்கமா எழுதற சைஸ்ல வேகமா எழுதுங்க. ண-வுல இருக்கற சுழி மையில அடைஞ்சு போச்சுன்னா அந்த நிப்பு உங்க கைக்கு பட்டை, இன்னும் மெல்லிசா ஃபைன் கேளுங்க. அடுத்து புள்ளி. க், ங், ச், ஞ்னு பதினெட்டு மெய்யும் எழுதி புள்ளி வைங்க, ஆனா அழுத்தாம சும்மா தொட்டு எடுங்க. நல்ல நிப்பு தொட்ட உடனே புள்ளி வைக்கும், சரியில்லாத நிப்பு நாலுல ஒரு புள்ளியை முழுங்கிடும், அந்த பேனாவோட வாழ்நாள் பூரா நீங்க திரும்பி வந்து புள்ளி வச்சுக்கிட்டே இருப்பீங்க. இங்கிலீஷ் எழுதறவங்களுக்கு இந்த குறை அவ்வளவா தெரியாது, நமக்கு ஒவ்வொரு வரியிலயும் தெரியும்.

அப்புறம் மூடியை போட்டு ஒரு பத்து நிமிஷம் வேற எதையாவது பார்த்துட்டு வந்து திரும்ப எழுதுங்க. உடனே எழுதணும். மூடி சரியா பொருந்தலைன்னா நம்ம ஊர் வெயில்ல மை காஞ்சுடும்.

இனி பேரை சொல்றேன். உங்க பட்ஜெட்ல கேம்லின் கம்பெனியோட ஸ்கூல் பேனாவுல இருந்து ஆரம்பிக்கலாம், 1931ல மும்பையில மை தயாரிக்க ஆரம்பிச்ச கம்பெனி, இப்ப ஜப்பான் கொகுயோ கையில இருக்கு. ஒல்லியா இருக்கும், மூடியை பின்னாடி மாட்டி எழுதினா கைக்கு சரியா வரும். அடுத்து ஹீரோ, ஷாங்காய் கம்பெனி. நிப்பு மூக்கை மட்டும் நீட்டிக்கிட்டு மீதி மூடியே இருக்கும், அதனால எழுதறதுக்கு நடுவுல போன் வந்து பேசிட்டு வந்தாலும் சீக்கிரம் காயாது, ஆபீஸ்ல எழுதறவங்களுக்கு இது பெரிய வசதி. ஆனா ஹீரோவுல போலி ரொம்ப அதிகம், அதனால மேல சொன்ன சோதனையை இதுக்கு கண்டிப்பா பண்ணுங்க. கொஞ்சம் கெட்டியா வேணும்னா பார்க்கர்ல விலை கம்மியான மாடல் பாருங்க. என்னை கேட்டா உங்க வேலைக்கு ஃபைன் நிப்பு ஹீரோதான், அதுவும் ரெண்டா வாங்கிக்கோங்க, ஒண்ணு கழுவி காயும்போது இன்னொண்ணு எழுதும்.

அக்கா, நான் லாஸ்பேட்டையில காலேஜ் படிக்கிறேன். லாமி சஃபாரி வாங்க காசு சேர்த்துட்டு இருக்கேன். அவ்வளவு குடுத்து வாங்கலாமா, இல்ல பாதி விலைக்கு பைலட் மெட்ரோபாலிட்டன் வாங்கலாமா? (கல்லூரி மாணவி)

ரெண்டுமே நல்ல பேனாம்மா, ஆனா ரெண்டும் ரெண்டு விதமான கைக்கு. சஃபாரி 1980ல இருந்து வருது, ஸ்கூல் பிள்ளைங்களை மனசுல வச்சு ஜெர்மனியில பண்ணது, அதனாலதான் பிடிக்கிற இடத்துல முக்கோணமா செதுக்கி விரல் இங்கதான் இருக்கணும்னு சொல்ற மாதிரி இருக்கும். நீ அந்த மாதிரி பிடிச்சு எழுதறவளா இருந்தா சொர்க்கம், இல்லைன்னா ஓரம் விரலை உறுத்திக்கிட்டே இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது இருந்தா ஒரு பக்கம் எழுதி பாரு. பைலட் உடம்பு பித்தளை, கொஞ்சம் கனம், பிடி உருண்டையா இருக்கும். முக்கியமான விஷயம் ஜப்பான்காரங்க ஃபைன்னு சொல்றது ஐரோப்பாக்காரங்க ஃபைனை விட மெல்லிசு, கிட்டத்தட்ட அவங்க எக்ஸ்ட்ரா ஃபைன். பொடி எழுத்தா தமிழ் எழுதறவங்களுக்கும், லெக்சர்ல ஒரு வரியில ரெண்டு வரி நுழைக்கறவங்களுக்கும் ஜப்பான் நிப்புதான் கை குடுக்கும்.

நீ ரெண்டையும் கேட்ட, நான் மூணாவதா ஒண்ணு சொல்றேன், பிளாட்டினம் பிரெப்பி. பிளாஸ்டிக் பேனாதான், கண்ணாடி மாதிரி உள்ள மை தெரியும், 02, 03, 05னு, அதாவது 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டர் கணக்குல நிப்பு வரும், 03 எடுத்துக்கோ. மூடிக்குள்ள ஸ்பிரிங் வச்ச இன்னொரு குட்டி மூடி இருக்கு, அதனால ஒரு வருஷம் எழுதாம வச்சாலும் மை காயாதுன்னு கம்பெனி சொல்லுது, செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு போயிட்டு வந்து எடுத்தாலும் எழுதும். இதுல ஒரு வருஷம் எழுது, உனக்கு எந்த நிப்பு சரி, எவ்வளவு கனம் சரின்னு தெரிஞ்சுடும், சேர்த்த காசு பத்திரமா இருக்கும், அப்புறம் சஃபாரி வாங்கினா கலரை பார்த்து வாங்காம கையை கேட்டு வாங்குவ.

சட்டைப் பையில வச்சா மை கசிஞ்சு சட்டையெல்லாம் நாசம். பில்லர்ல ஊத்தற பழைய மாதிரி பேனா. வெயில் காலத்துல ரொம்ப மோசம். பேனா ரிப்பேரா? (வாசகர், தேவனாம்பட்டினம்)

பெரும்பாலும் ரிப்பேர் இல்லைங்க. பில்லர்ல ஊத்தற பேனாவுல உடம்பு முழுக்க மைதான், எழுத எழுத மை குறைஞ்சு அந்த இடத்துல காத்து நிறையும். அந்த காத்து உங்க கைச்சூட்டுலயும் உடம்புச்சூட்டுலயும் விரியும், மூடி வச்ச பிளாஸ்டிக் பாட்டில் வெயில்ல உப்புற மாதிரி, விரிஞ்சா மையை முன்னாடி தள்ளும், நிப்பு வழியா சொட்டும். மை நிறைய இருக்கும்போது காத்து கம்மி, தொல்லை இல்ல. கால்வாசிக்கு கீழ போனாதான் இந்த கூத்து. அதனால மூணுல ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே திரும்ப நிரப்பிடுங்க, பையில எப்பவும் நிப்பு மேல பார்த்த மாதிரி குத்துங்க, படுக்க வைக்காதீங்க. கழுத்து திருகற மரையில கொஞ்சமா சிலிகான் கிரீஸ் தடவுங்க, வாசலின் வேண்டாம், அது ரப்பர் வளையத்தை கெடுக்கும். இவ்வளவு பண்ணியும் மரை வழியா கசிஞ்சா அப்ப விரிசல் விட்டிருக்கு, விலை கம்மியான பேனாவா இருந்தா மாத்திடுங்க.

சட்டையில பட்ட கறைக்கு உடனே பச்சைத்தண்ணி, வெந்நீர் ஊத்தாதீங்க. ராயல் ப்ளூ மையா இருந்தா முக்கால்வாசி போயிடும், கறுப்பு பிடிவாதம் பிடிக்கும்.

எங்க ஸ்கூல்ல பிள்ளைங்களை இங்க் பேனாவுல எழுத சொல்றோம். ஆனா நோட்டுல மை ஊறி பின்பக்கம் தெரியுது, ரெண்டு பக்கமும் எழுத முடியல. பேனாவை மாத்த சொல்லவா? (ஆசிரியை, நெல்லிக்குப்பம்)

பேனா மேல பழி போடாதீங்க டீச்சர், பேப்பரைத்தான் பார்க்கணும். மலிவு நோட்டு எல்லாம் 54, 58 ஜிஎஸ்எம்னு (ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, கிராம்ல) மெல்லிசா வரும், அதுலயும் ஜிஎஸ்எம் மட்டும் விஷயம் இல்ல. பேப்பர் பண்ணும்போது மை உறிஞ்சாம இருக்க ஒரு பசைப்பூச்சு கலப்பாங்க, அது சரியா இருந்தா மெல்லிசு பேப்பர்லயும் மை மேலயே நிக்கும், இல்லைன்னா தடியா இருந்தாலும் வேர் விட்ட மாதிரி பரவும். சோதிக்கறது சுலபம், கடையில நோட்டோட கடைசி பக்கத்துல ஒரு துளி மை வைச்சு ஓரத்தை பாருங்க. ஓரம் சுத்தமா இருந்தா வாங்குங்க, மயிர் மயிரா நீண்டா வேண்டாம்.

நம்ம மாநிலத்துல கரூர் பக்கம் இருக்கற டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையில பேப்பர் பண்றது உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், கரும்பு ஊர் டீச்சராச்சே. அவங்களோட 70, 75 ஜிஎஸ்எம் தாள்ல விலை கம்மியான பேனாவுக்கு எனக்கு திருப்தியான எழுத்து கிடைக்குது. எல்லா பிள்ளைக்கும் புது நோட்டு வாங்க சொல்ல முடியாதுன்னா நிப்பை மெல்லிசாக்குங்க, மையை ராயல் ப்ளூவா வைங்க, அழுத்தி எழுதற பிள்ளைங்களுக்கு பக்கத்துல உக்காந்து ரெண்டு நாள் சொல்லிக் குடுங்க. பால்பாயின்ட்ல பழகின கை அழுத்தும், ஏன்னா அதுல மை பசை மாதிரி கெட்டி, உருண்டையை உருட்டினாதான் வரும். இதுல மை தானா வரும், பேனாவோட சொந்த கனமே போதும். அழுத்தறது நின்னா விரல் வலியும் நிக்கும், பக்கமும் சுத்தமா இருக்கும். பிள்ளைங்க கை வலிக்குதுன்னு சொல்றதை தயவு செஞ்சு சோம்பேறித்தனம்னு எடுத்துக்காதீங்க.

இதே மாதிரி பாண்டியில இருந்து ஒருத்தர் அரவிந்தர் ஆசிரமத்துல கையால பண்ற கைக்காகிதத்துல இங்க் பேனாவுல எழுதலாமான்னு கேட்டிருக்கார். பார்க்க அவ்வளவு அழகு, ஆனா எல்லா கைக்காகிதமும் எழுத ஏத்தது இல்ல, பொதி பொதின்னு இருக்கறது மையை குடிக்கும், நார் நிப்பு கீறல்ல மாட்டும். கடையில தாளை தடவி வழவழப்பா, தட்டினா கடகடன்னு சத்தம் வர்றதா எடுத்து ஒரு மூலையில எழுதி பார்த்து வாங்குங்க. கல்யாண கடிதம் மாதிரி ஒண்ணு ரெண்டுக்கு சரி, தினமும் எழுதறதுக்கு வேண்டாம்.

டிஎன்பிஎஸ்சி எழுதப் போறேன், பழகின இங்க் பேனாவையே கொண்டு போகலாமா? (முத்தியால்பேட்டை)

வட்டத்தை கறுப்பாக்கற ஓஎம்ஆர் தாளுக்கு கறுப்பு பால்பாயின்ட்தான், அதுல விளையாடாதீங்க தம்பி. ப்ளஸ் டூ, பத்தாவது மாதிரி விரிவா எழுதற பரீட்சையில நீலம் அல்லது கருப்பு மைன்னுதான் வினாத்தாள்லயே போட்டிருக்கு, அங்க இங்க் பேனா தாராளமா எழுதலாம். ஆனா முதல் நாள் ராத்திரி புதுசா வாங்கின பேனாவை கொண்டு போகாதீங்க.

பெஞ்சல் புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி புகுந்து, நான் இங்க் பேனாவுல எழுதி வச்ச கணக்கு நோட்டு எல்லாம் நீலத் தண்ணியா கரைஞ்சு போச்சு. என் வீட்டுக்காரர் அதுக்குத்தான் பால்பாயின்ட்டுங்கிறார். அழியாத மை இல்லையா? (இல்லத்தரசி, கடலூர் முதுநகர்)

படிக்கவே கஷ்டமா இருக்கும்மா. 2011ல தானே புயல், 2024ல பெஞ்சல்னு நம்ம கடற்கரை வாங்கற அடிக்கு இந்த கேள்வி எல்லாரும் கேக்க வேண்டியது. நாம சாதாரணமா வாங்கற பாட்டில் மை சாயம் கரைஞ்ச தண்ணி, காஞ்சாலும் திரும்ப நனைஞ்சா கரையும், வெயில்ல வெளுக்கும். தண்ணிக்கு தாங்கறது ரெண்டு வகை. ஒண்ணு இரும்புச் சத்து கலந்த ப்ளூ பிளாக், எழுதும்போது நீலமா இருந்து காத்து பட்டு கறுத்து பேப்பர்ல ஊறி பிடிச்சுக்கும், பெலிக்கான் 4001 ப்ளூ பிளாக் அந்த ரகம். இன்னொண்ணு பிளாட்டினம் கார்பன் பிளாக் மாதிரி, சாயத்துக்கு பதிலா மிக நுண்ணிய கறுப்புத்தூள் மிதக்கற மை, காஞ்சா தண்ணிக்கு அசையாது.

ரெண்டுமே விலை ஜாஸ்தி, ரெண்டுமே பேனாவுக்குள்ள காய விட்டா அடைச்சுக்கும். அதனால கணக்குக்குன்னு தனியா ஒரு மலிவு பேனா வச்சு அதுல மட்டும் இந்த மையை போடுங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கழுவுங்க. பாட்டில்ல பர்மனன்ட்னு போட்டிருக்கறதை மட்டும் நம்பாதீங்க, ஒரு துண்டுத்தாள்ல எழுதி ஒரு நாள் காய விட்டு டம்ளர் தண்ணியில அரை மணி நேரம் போட்டு எடுத்து படிச்சு பாருங்க, படிக்க முடிஞ்சா அந்த மையை நம்பலாம். டிராயிங் இங்க்கையோ ஸ்டாம்ப் பேட் மையையோ மட்டும் பேனாவுக்குள்ள ஊத்திடாதீங்க, பேனா அன்னைக்கே காலி. வீட்டுக்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, பால்பாயின்ட் மை எண்ணெய் கலந்தது, தண்ணியில அவ்வளவா கரையாது. பத்திரம், அடமானச் சீட்டு மாதிரி விஷயத்துக்கு அதை வச்சுக்கோங்க.

இடது கைக்காரன். எழுதினதை நானே அழிச்சுடறேன். (வில்லியனூர்)

ஃபைன் நிப்பு, கம்மியா மை விடற பேனா, வழவழப்பு கம்மியான பேப்பர். இந்த மூணும் சேர்ந்தா மை சீக்கிரம் காயும். அதோட தாளை வலது பக்கம் நல்லா சாய்ச்சு, கையை வரிக்கு கீழ வச்சு எழுத பழகுங்க. இடது கையில நிப்பை தள்ளி எழுதறீங்க, அதனால வாங்கும்போது இடமிருந்து வலமா கோடு இழுத்து கீறுதான்னு கண்டிப்பா பாருங்க.

எங்க அப்பாவோட பழைய பேனா ஒண்ணு பீரோவுல கிடைச்சுது. கறுப்பு, ரப்பர் மாதிரி வாசம் வருது, மை காஞ்சு இறுகியிருக்கு. எழுத வைக்க முடியுமா, இல்ல புதுசா அதே மாதிரி கிடைக்குமா? (ஓய்வு பெற்றவர், திருப்பாப்புலியூர்)

ஐயா, அது எபோனைட் பேனாவா இருக்கலாம், ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து இறுக்கி பண்றது, லேசா தேய்ச்சா வர்ற வாசம் கந்தகம்தான். இதுக்கு வெந்நீர் ஆகவே ஆகாது, நிறம் வெளுத்து பழுப்பாயிடும். பச்சைத்தண்ணி ஒரு டம்ளர்ல கழுத்து வரைக்கும் மட்டும் நிப்பை கீழ பார்த்து நிறுத்துங்க, உடம்பை முக்காதீங்க. தண்ணி நீலமானா மாத்துங்க, நாள் கணக்குல ஆனாலும் பொறுமையா மாத்திக்கிட்டே இருங்க. இடுக்கி போட்டு முறுக்காதீங்க, ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம். தண்ணி தெளிஞ்ச அப்புறம் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு கலந்து பில்லரால நிப்பு வழியா பீச்சி, திரும்ப வெறும் தண்ணி விட்டு, துணியில நிப்பை கீழ பார்த்து ஒரு ராத்திரி காய வைங்க. கழுத்து தானா திருக வரும்போது திருகுங்க.

புதுசா வேணும்னா ரொம்ப தூரம் போக வேண்டாம். சென்னை பாரிமுனையில என்.எஸ்.சி. போஸ் ரோடுல ஜெம் அண்ட் கோ கடையில காமா பேனா இருக்கு, திருவள்ளூர்ல ரங்கா பேனா கடைசல் போட்டு கையாலயே பண்றாங்க, ஆந்திராவுல ராஜமுந்திரி ரத்னம் பேனா காந்தி காலத்து சுதேசிப் பேனா. இதெல்லாம் 300 ரூபாய் கணக்குல வராது, ஆனா நிப்பு தேய்ஞ்சா நிப்பை மட்டும் மாத்தி இன்னும் ஒரு தலைமுறை எழுதலாம். அப்பா பேனாவோட நிப்பு போயிருந்தா அதையும் எடுத்துட்டு போய் காட்டுங்க, பொருந்தற நிப்பும் கட்டையும் போட்டுத் தருவாங்களான்னு கேளுங்க. புது நிப்பு போட்டதும் முதல்ல சோப்புத் தண்ணியில ஒரு தடவை கழுவிட்டு மை ஊத்துங்க, ஆலையில இருந்து வர்ற எண்ணெய்ப்பிசுக்கு இருந்தா மை விட்டு விட்டு வரும். மை சாதாரண ராயல் ப்ளூவே ஊத்துங்க, மேல சொன்ன கார்பன் மை இந்த பேனாவுக்கு வேண்டாம்.